கணக்குக் கேட்ட மாதர் சபை

ஒரு தேசத்தின் அரசியல் சட்டத்தில் ஸ்திரீ புருஷ சமத்துவம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், ஒரு சாதாரணப் பெண் அந்த அரசாங்கத்தை நேருக்கு நேர் காண்பது தன் தெருவில் இரவில் எரிய வேண்டிய விளக்கிலும், குழந்தையை இடுக்கிக்கொண்டு ஏற வேண்டிய பஸ்ஸிலும், ஆஸ்பத்திரி வாசலிலும், அடிபட்ட இரவில் அழைத்தால் ஓடிவர வேண்டிய போலீஸ்காரரிடத்திலுமே ஆகும். இவையெல்லாம் பெரும்பாலும் ஊராட்சியின் காரியங்கள். ஆகவே மாதர் உரிமையின் சரித்திரத்தை எழுதப் புகுந்த ஒருவர், பார்லிமெண்டுகளின் விவாதங்களையும் உலக மகாநாடுகளின் பிரகடனங்களையும் விரிவாக எழுதிவிட்டு, நகரசபைக் கட்டடத்தின் ஓர் அறையில் மாதந்தோறும் கூடிக் கலைகின்ற சிறு கமிஷன்களைக் கண்ணெடுத்தும் பாராமற் போவாராயின், அந்தச் சரித்திரத்தில் பாதியை எழுதாமல் விட்டவரே ஆவார்.

அத்தகைய சபைகளுள் ஒன்று, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தின் மாதர் நிலைக் கமிஷன். 1975-ஆம் ஆண்டில் தோன்றிய அந்தச் சபையில் மேயரால் நியமிக்கப்படும் அங்கத்தினர் எழுவர். அவர்களுடைய பதவிக் காலம் நான்கு ஆண்டுகள். கமிஷன் வேலையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர் அவர்கள். தத்தம் தொழிலையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தை ஊருக்கு அளிப்பவர்கள். வரி விதிக்கும் உரிமையோ, குற்றவாளியைத் தண்டிக்கும் உரிமையோ, ஓர் இலாகாவின் தலைவரை நீக்கும் உரிமையோ அவர்களுக்கு இல்லை. கேள்வி கேட்கலாம், விடையை எழுதி வைக்கலாம், எழுதியதை ஊரறியச் சொல்லலாம். இந்த எளிய உரிமையைக் கொண்டு அந்தச் சபை, அமெரிக்க ஸெனட் அநேக ஆண்டுகளாகச் செய்யத் தயங்கிய ஒரு காரியத்தைத் தன் ஊருக்குள் செய்து முடித்தது. அது எப்படி நேர்ந்தது என்பதை அறிய, அந்த நகரத்தின் பழைய வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஸான் பிரான்ஸிஸ்கோ, பொன்னாசையால் வளர்ந்த ஊர். 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்டது என்ற செய்தி பரவியதும், அடுத்த ஆண்டிலேயே உலகத்தின் பல திசைகளிலிருந்தும் ஆடவர் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். அந்நாளில் அவ்வூரில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்னும்படி இருந்தது. ஆடவர்க்காகவே ஆடவர் சமைத்த அந்த ஊரின் வழக்கங்கள் எளிதில் மாறவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற கோரிக்கை 1896-இல் கலிபோர்னியா வாக்காளர் முன் வைக்கப்பட்டுத் தோற்றது. மறுபடியும் 1911 அக்டோபர் 10-ஆம் தேதி வைக்கப்பட்டபோது, மாகாணம் முழுவதற்குமாக 3,587 வாக்குகளே மிகுதியாகப் பெற்று, நூலிழையில் நிறைவேறியது. அந்தத் தேர்தலில் கிராமப்புறத்து வாக்குகளே பெண்களைக் காப்பாற்றின; நாகரிகத்துக்குப் பேர்போன ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம் அவர்களுக்கு எதிராகவே வாக்களித்தது. பத்தாண்டு கழித்து, 1921-இல், மார்கரெட் மேரி மார்கன் என்ற அம்மையார் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் பெண்மணி ஆனார். அவருக்குப் பின்னும் நெடுங்காலம் அந்தச் சபையில் பெண்கள் ஒருவர் இருவராகவே வந்து சென்றார்கள். பிற்காலத்தில் அந்நகரின் முதற் பெண் மேயராகப் புகழ்பெற்ற டயான் பைன்ஸ்டைன் அங்கே நுழைந்தது 1969-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகுதான்.

இதனிடையே, மாதருக்கென்று ஒரு தனிக் கமிஷன் வேண்டும் என்ற எண்ணம் உலக அரங்கில் முதன்முதலாக உரக்க ஒலித்ததும் இதே நகரத்தில்தான் என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. 1945-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், யுத்தத்தின் புகை இன்னும் அடங்காத வேளையில், 50 நாடுகளின் பிரதிநிதிகள் ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தை வகுப்பதற்காக அங்கே கூடினார்கள். கூட்டங்கள் நடந்த இசை நாடக மண்டபத்துக்கும் நகரசபைக் கட்டடத்துக்கும் இடையே உள்ளது ஒரு வீதிதான். ஜூன் 26-ஆம் தேதி சாசனத்தில் கையெழுத்திட்டவர்களுள் பெண்கள் நால்வரே: சீனத்து வூ யி-பாங், பிரேஸிலின் பெர்த்தா லுட்ஸ், டொமினிகன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ, அமெரிக்காவின் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ். இவர்களுள் லுட்ஸ் அம்மையாரும் பெர்னார்டினோ அம்மையாரும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ஜெஸ்ஸி ஸ்ட்ரீட் போன்றோரும் சலியாமல் மன்றாடியதன் பயனாகவே, அந்தச் சபையின் எந்த உறுப்பிலும் எந்தப் பதவியிலும் ஆண் பெண் என்ற பேதம் பாராட்டக் கூடாது என்ற எட்டாவது விதி சாசனத்தில் இடம்பெற்றது.

லுட்ஸ் அம்மையார் அதோடு திருப்தி அடையவில்லை. உலக மாதரின் நிலையை ஆராய்வதற்கென்றே ஒரு கமிஷன் ஏற்படுத்த வேண்டும் என்று பிரேஸில் நாட்டின் பெயரால் ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். அந்தப் பிரேரணை வந்து சேர்ந்த இடம், பொருளாதார சமூக ஒத்துழைப்பைப் பற்றி ஆலோசித்த கமிட்டி. அதற்குத் தலைமை வகித்தவர், இந்தியப் பிரதிநிதிகளுக்குத் தலைவராகச் சென்றிருந்த நம் ஆர்க்காடு இராமசாமி முதலியார். பெண்களும் மனிதர்களே, மனித உரிமையைக் காக்கும் பொதுச் சபை ஒன்று இருக்கையில் அவர்களுக்குத் தனிச் சபை எதற்கு என்று கில்டர்ஸ்லீவ் அம்மையார் எதிர்வாதம் செய்தார். நல்லெண்ணத்தோடு எழுப்பப்பட்ட கேள்விதான் அது. ஆனால் பொதுவான சபைகள் எத்தனையோ யுகங்களாக இருந்தும் பெண்ணின் குறை அவற்றின் காதில் விழவில்லை என்பதே லுட்ஸ் அம்மையாரின் பதில். பல நாடுகள் அவர் பக்கம் நின்றன. அடுத்த ஆண்டில் பொருளாதார சமூக மன்றம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக வந்தவரும் முதலியாரே. அந்த மன்றம் 1946 ஜூன் 21-ஆம் தேதி மாதர் நிலைக் கமிஷனைத் தனி உறுப்பாக நிறுவியது. நீதிக்கட்சி ஆட்சி நடத்திய 1921-ஆம் ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராக இருந்தவர், கால் நூற்றாண்டுக்குப் பின் உலக மாதரின் கமிஷன் பிறந்த மன்றத்தில் தலைமைப் பீடத்தில் இருந்தார் என்பது தமிழர் நினைவில் வைக்கத் தக்க செய்தி.

உலக சபையில் முளைத்த இந்த யோசனை அமெரிக்க மண்ணில் வேரூன்றச் சில ஆண்டுகள் பிடித்தன. தொழில் இலாகாவில் மாதர் பிரிவுக்குத் தலைமை வகித்த எஸ்தர் பீட்டர்ஸன் என்ற அம்மையாரின் தூண்டுதலால், ஜனாதிபதி கென்னடி 1961 டிஸம்பர் 14-ஆம் தேதி மாதர் நிலையைப் பற்றி ஆராய ஒரு கமிஷனை நியமித்தார். எலினார் ரூஸ்வெல்ட் அதன் தலைவி. அவர் 1962 நவம்பரில் காலமானார். மறு ஆண்டு அக்டோபரில் வெளிவந்த அறிக்கையைப் பார்க்க அவர் இல்லை. கூலியில் பேதம், உத்தியோகத்தில் பேதம், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பேணுவார் இல்லாமை ஆகியவற்றை அவ்வறிக்கை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டியது. இதற்கு முன்பே 1962-இல் மிச்சிகன் மாகாணம் தனக்கென ஒரு கமிஷனை அமைத்திருந்தது. கலிபோர்னியா 1965-இல் அமைத்தது. 1967-க்குள் 50 மாகாணங்களிலும் இத்தகைய சபைகள் தோன்றிவிட்டன.

இவ்வளவு வேகமாகச் சபைகள் பெருகின என்றால், அவற்றை அரசாங்கங்கள் அபாயமற்றவையாகக் கருதின என்பதும் அதற்கு ஒரு காரணம். அறிக்கை எழுதுங்கள், எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்பதே பல கவர்னர்களின் மனோபாவம். 1966 ஜூன் மாத இறுதியில் மாகாணக் கமிஷன்களின் மூன்றாவது தேசிய மகாநாடு வாஷிங்டனில் கூடியபோது இந்த மனோபாவம் வெட்டவெளிச்சமாயிற்று. வேலை கொடுப்பதில் ஆண் பெண் பேதம் காட்டலாகாது என்று 1964-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தும், அதை நிறைவேற்ற வேண்டிய ஸ்தாபனம் சிரத்தை காட்டவில்லை. ஆண்களுக்கான வேலைகள் ஒரு பத்தியிலும் பெண்களுக்கான வேலைகள் மற்றொரு பத்தியிலுமாகப் பத்திரிகை விளம்பரங்கள் வெளிவந்துகொண்டே இருந்தன. இதைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவரச் சில பிரதிநிதிகள் முனைந்தபோது, இந்த மகாநாட்டுக்குத் தீர்மானம் நிறைவேற்றும் அதிகாரமே கிடையாது என்ற பதில் வந்தது.

கடைசி நாள் பகல் விருந்தின்போது, மேடையில் பிரமுகர்கள் பேசிக்கொண்டிருக்க, கீழே இரண்டு மேஜைகளைச் சூழ்ந்து உட்கார்ந்திருந்த பெண்கள் தாழ்ந்த குரலில் வேறொரு காரியத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி பிரீடன் என்ற எழுத்தாளர் கை துடைக்க வைத்திருந்த காகிதத் துண்டிலேயே ஒரு புதிய சங்கத்தின் நோக்கத்தை எழுதினார். ஆளுக்கு ஐந்து டாலர் கொடுத்து 28 பேர் சேர்ந்தார்கள். தேசிய மாதர் ஸ்தாபனம் பிறந்தது அப்படித்தான். வேலைவாய்ப்புச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியிருந்த அந்த ஐவர் குழுவில் ஒரே பெண்ணாக இருந்து, அதன் மந்த கதியைச் சகியாமல் விலகிய எய்லீன் ஹெர்னாண்டஸ், பிற்பாடு அந்த ஸ்தாபனத்தின் இரண்டாவது தலைவி ஆனார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் கழித்த ஊர் ஸான் பிரான்ஸிஸ்கோ.

அந்த மகாநாடு புகட்டிய பாடம் இரண்டு வகையில் பயன்பட்டது. அரசாங்கம் நியமித்த சபைக்கு வெளியே, அரசாங்கத்துக்குக் கட்டுப்படாத சங்கங்கள் வேண்டும் என்பது ஒன்று. அந்தச் சங்கங்கள் எழுப்பும் குரலைக் கேட்டுப் பதிவு செய்து, இலாகாக்களின் மேஜைவரை கொண்டு சேர்க்க அரசாங்கத்துக்கு உள்ளேயும் ஓர் இடம் வேண்டும் என்பது மற்றொன்று. தலைநகரமோ சாதாரணப் பெண்களுக்கு எட்டாத தொலைவில் இருந்தது. எனவே பெண்கள் தங்கள் ஊர்ச் சபைகளை நாடினார்கள். புளோரிடாவின் மயாமி பகுதியில் 1971-இல் ஒரு கமிஷன் ஏற்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச மாதர் ஆண்டாகக் கொண்டாடிய 1975-இல் லாஸ் ஏஞ்சலஸிலும் ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் ஏற்பட்டன.

ஸான் பிரான்ஸிஸ்கோ கமிஷனுக்குச் சாசனம் வகுத்துள்ள கடமைகள், அந்த ஊர்ப் பெண்களின் துயரங்களுக்கே ஒரு ஜாபிதா போல் அமைந்திருக்கின்றன: இல்லத்தில் நடக்கும் வன்முறை, வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை, உத்தியோகத்திலும் வைத்தியத்திலும் உள்ள ஏற்றத்தாழ்வு, வீடின்மை. இவற்றைக் குறைக்கும் வழிகளை ஆராய்ந்து நகரத்துக்குச் சொல்ல வேண்டும். பெண்கள் சார்பிலும் சிறுமிகள் சார்பிலும் வாதாட வேண்டும். கலிபோர்னியாவின் சட்டப்படி கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்னரே வெளியிட வேண்டும். கூட்டத்தின் கதவு எவருக்கும் திறந்திருக்க வேண்டும். வந்தவருக்குப் பேசச் சில நிமிஷங்கள் ஒதுக்க வேண்டும். அடைக்கல இல்லத்தில் இடம் கிடைக்காமல் திரும்பிய பெண்ணும், அந்த இல்லத்தை நடத்தும் பெண்ணும், இலாகா அதிகாரியும் ஒரே ஒலிபெருக்கியின் முன் அடுத்தடுத்து நின்று பேசலாம். பேசியது குறிப்பில் ஏறும். அதிகாரியின் அறைக்குள் தனியாகச் சென்று கண்ணீர் விடுவதற்கும், ஊர்ச் சபையின் குறிப்பில் தன் வார்த்தை ஏறும்படி நின்று பேசுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

பணம் இல்லாத பரிவு நெடுநாள் நில்லாது என்பதை உணர்ந்த கலிபோர்னியா, 1980-இல் ஒரு நூதனமான ஏற்பாடு செய்தது. கல்யாணம் செய்துகொள்வோர் பெறும் உரிமச் சீட்டின் கட்டணத்தில் ஒரு பகுதியை, கணவனால் துன்புறுத்தப்பட்டு வெளியேறும் பெண்களுக்கான அடைக்கல இல்லங்களுக்கு ஒதுக்கியது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் இத்தகைய நிதியை ஸ்தாபனங்களுக்குப் பகிர்ந்தளித்து, அது சரியாகச் செலவாகிறதா என்று பார்க்கும் பொறுப்பு கமிஷனின் இலாகாவிடம் வந்தது. 1994-இல் வாக்காளரின் இசைவோடு இந்த இலாகா நகரச் சாசனத்திலேயே நிலையான இடம் பெற்றது. அதன் பின்னர், ஒரு மேயரின் மனம் மாறியது என்பதற்காக அதைத் துடைத்தெறிய முடியாத நிலை ஏற்பட்டது.

இனி இந்தச் சரித்திரத்தின் மத்திய அத்தியாயத்துக்கு வருவோம். ஐ.நா.வின் மாதர் நிலைக் கமிஷன் பல்லாண்டுகள் உழைத்து வகுத்த, பெண்களுக்கு எதிரான எல்லாவிதப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கையைப் பொதுச்சபை 1979 டிஸம்பர் 18-ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. ஜனாதிபதி கார்ட்டர் 1980 ஜூலையில் அதில் கையெழுத்திட்டார். ஆனால் ஸெனட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தாலன்றி அந்தக் கையெழுத்து நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஸெனட்டின் வெளிவிவகாரக் கமிட்டி 1994-இல் ஒரு முறையும் 2002-இல் ஒரு முறையும் சாதகமாகச் சிபாரிசு செய்தும், உடன்படிக்கை முழுச் சபையின் வாக்குக்கே வரவில்லை. இந்தியா 1993-இல் அதனை ஏற்றுவிட்டது. உலகத்தின் மிகப் பெரும்பாலான நாடுகள் ஏற்றுவிட்டன. அமெரிக்காவோ வெளியே நின்றது.

1995-இல் பெய்ஜிங் நகரில் கூடிய உலக மாதர் மகாநாட்டிலிருந்து திரும்பிய சிலருக்கு, வாஷிங்டன் கதவைத் திறக்கும்வரை வாசலில் காத்திருப்பானேன் என்று தோன்றியது. மாதர் தலைமைப் பயிற்சிக்காகவும் மனித உரிமைக்காகவும் ஏற்பட்ட ஒரு ஸ்தாபனத்தை ஸான் பிரான்ஸிஸ்கோவில் நிறுவியவர்களுள் ஒருவரான கிருஷாந்தி தர்மராஜ், இலங்கையைப் பூர்விகமாக உடையவர். அவரும் அவருடைய தோழியரும், சர்வதேசப் பொது மன்னிப்பு ஸ்தாபனத்தின் அமெரிக்கக் கிளையும், மாதர் நிதி ஸ்தாபனமும், நகரத்தின் மாதர் நிலைக் கமிஷனும் கைகோத்தன. தேசம் ஏற்காவிட்டால் என்ன? போலீஸும், தெருவும், ஆஸ்பத்திரியும், சிறுவர் நன்னடத்தை இலாகாவும் நகரத்தின் கையில் அல்லவா இருக்கின்றன? உடன்படிக்கையின் தத்துவத்தை நகரத்தின் சட்டமாக்கிவிட்டால், பெண்ணுக்கு நாள்தோறும் எதிர்ப்படும் அரசாங்கம் அதற்குக் கட்டுப்பட்டதாகி விடுமே! இந்த யோசனையோடு 1997 அக்டோபரில் நகரசபையில் பொது விசாரணை ஒன்று நடந்தது. பெண்கள் வந்து தங்கள் வாழ்க்கையைச் சொன்னார்கள். நகரசபைத் தலைவி பார்பரா காப்மன் மசோதாவுக்கு ஆதரவாக நின்றார். 1998 ஏப்ரலில் நகரசபை ஏகமனதாக நிறைவேற்ற, மேயர் வில்லி பிரவுன் கையெழுத்திட, அந்த உடன்படிக்கையைத் தன் சட்டமாக்கிக்கொண்ட முதல் அமெரிக்க நகரம் என்ற பெருமை ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குக் கிடைத்தது.

சட்டம் நிறைவேறிய அன்று பெண்களின் நிலை மாறிவிடவில்லை. மாறியது, கமிஷனின் கையிலிருந்த கருவி. அதுவரை ஆலோசனை சொன்ன சபை, இப்போது கணக்குக் கேட்கும் சபையாயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வோர் இலாகாவும் தன் வரவு செலவு, தன் உத்தியோகஸ்தர், தான் செய்யும் சேவை ஆகிய மூன்றையும் எடுத்து வைத்து, இதில் பெண்ணுக்குச் சேர்ந்தது எவ்வளவு, ஆணுக்குச் சேர்ந்தது எவ்வளவு, அந்தப் பெண்களுள்ளும் எந்த இனத்தவருக்கு எவ்வளவு என்று விடை சொல்ல வேண்டும். முதலில் இந்தச் சோதனைக்கு உட்பட்டவை பொதுப்பணி இலாகாவும் சிறுவர் நன்னடத்தை இலாகாவும். தொடக்கத்திலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது: பல கேள்விகளுக்கு விடை சொல்ல அவர்களிடம் கணக்கே இல்லை. தங்கள் சேவையைப் பெறுவோரில் பெண்கள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணியதில்லை. எண்ணச் சொன்னவரும் இல்லை.

தெருவில் ஆண் பெண் பேதம் ஏது என்று பொறியியல் வல்லுநர்கள் முதலில் வியந்திருக்கக் கூடும். ஆனால் கேள்வியை நெருங்கிப் பார்த்தால் தெருவே வேறு விதமாகத் தோன்றும். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையே எத்தனை அடி விடுவது என்பதை மோட்டார் வண்டியின் வெளிச்சத்தைக் கருதித் தீர்மானித்தால் ஓர் அளவு வரும். இரவு வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியாக நடந்து வரும் ஸ்திரீயைக் கருதித் தீர்மானித்தால் வேறோர் அளவு வரும். நடைபாதையின் முனையைச் சரிவாக வெட்டிவிடுவது சக்கர நாற்காலியில் செல்வோருக்காக ஏற்பட்ட திட்டம். ஆயினும் ஒரு கையால் குழந்தை வண்டியையும் மறு கையால் மளிகைப் பையையும் பிடித்துக்கொண்டு வீதியைக் கடக்கும் தாய்க்கும் அந்தச் சரிவு உற்ற துணையாகிறது என்பது இந்தப் பார்வையில் புலப்பட்டது. சிறுவர் நன்னடத்தை இலாகாவிலோ, வழிதவறிய பையன்களை மனத்தில் வைத்து அமைத்த திட்டங்களுக்குள், முற்றிலும் வேறான துன்பங்களைச் சுமந்து வரும் சிறுமிகளையும் திணித்திருந்தார்கள் என்பது தெரிந்தது. இவற்றில் ஒன்றுக்கும் யாருடைய துர்ப்புத்தியும் காரணமன்று. கேட்காத கேள்வியே காரணம்.

கேள்வி கேட்கும் இந்த முறை எவ்வளவு அவசரமானது என்பதை ஒரு கொடிய சம்பவம் நகரத்துக்கு உணர்த்தியது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் இளம் தாய், தன் குழந்தைகள் பார்த்திருக்க, முன்னாள் காதலனால் கொல்லப்பட்டாள். அவள் போலீஸை அழைக்காதவள் அல்லள்; பலமுறை அழைத்தவள். அவனும் சட்டத்துக்குத் தெரியாதவன் அல்லன். ஏற்கெனவே அவளைத் துன்புறுத்திய குற்றத்துக்காக நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவன். அப்படியிருந்தும் இது எப்படி நேர்ந்தது என்று விசாரிக்கும் பொறுப்பு மாதர் நிலைக் கமிஷனிடம் வந்தது. போலீஸ், அரசாங்க வழக்கறிஞர், நன்னடத்தை இலாகா, அவசர அழைப்பை ஏற்கும் நிலையம் ஆகிய ஒவ்வொன்றிலும் அவளைப் பற்றிய விஷயத்தில் ஒரு பகுதி இருந்தது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துப் பார்ப்பாரைக் காணோம். கமிஷன் 2002-இல் வெளியிட்ட அறிக்கை, இந்த இலாகாக்களை ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, யார் எதை யாருக்கு எப்போது தெரிவிக்க வேண்டும் என்பதற்கு வழி வகுத்தது. பிறகு ஆண்டுதோறும், எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை வழக்குகள் தொடரப்பட்டன, எத்தனை பெண்களுக்கு அடைக்கலம் கிடைத்தது, எத்தனை பேர் இடமின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர் என்ற கணக்கு வெளிவரலாயிற்று. 2010-க்கும் 2014-க்கும் இடையே, தொடர்ந்து 44 மாதங்கள், அந்நகரில் குடும்ப வன்முறையால் ஒரு கொலையும் நிகழவில்லை. அடைக்கல இல்லங்களின் உழைப்பும், போலீஸின் பயிற்சியும், மாறிவரும் காலமும் சேர்ந்து விளைத்த பலன் அது. அந்த மாதங்களை எண்ணிச் சொல்ல ஒரு சபை இருந்தது என்பதும் சிறு காரியமன்று.

பதவிகளிலும் இந்தக் கணக்கு புகுந்தது. நகரத்தின் சபைகளிலும் கமிஷன்களிலும் நியமிக்கப்படுவோர் நகர மக்களின் சாயலைக் கொண்டிருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 2008-இல் வாக்காளர் இசைந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை அளந்து சொல்வது மாதர் நிலை இலாகாவின் வேலையாயிற்று. 2019-ஆம் ஆண்டு அறிக்கையில் நியமனம் பெற்றோருள் பெண்கள் பாதியைத் தாண்டிவிட்டனர். ஆனால் அறிக்கை அதோடு நிற்கவில்லை. மிகப் பெரிய நிதியைக் கையாளும் சபைகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் பெண்களின் பங்கு அவ்வளவு இல்லை என்பதையும் அது கூறியது. மொத்தத் தொகையைக் காட்டி மகிழ்விப்பது எளிது; அந்தத் தொகைக்குள் மறைந்திருக்கும் குறையைத் தானே எடுத்துச் சொல்வதுதான் நேர்மையான கணக்கன் செய்யும் வேலை.

ஸான் பிரான்ஸிஸ்கோ காட்டிய வழியில் லாஸ் ஏஞ்சலஸ் 2003-இலும், பெர்க்லி 2012-இலும், முதன்முதலில் கமிஷன் கண்ட ஊர்களுள் ஒன்றான மயாமி பகுதி 2015-இலும் சட்டம் செய்தன. 2014-இல் இதனை நாடெங்கும் பரப்ப ஓர் இயக்கமே தோன்றியது. என்றாலும் இந்தச் சபைகளின் வாழ்வு சுகமானது என்று எண்ணிவிடலாகாது. நிதி நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் கத்தி விழுவது இத்தகைய சிறு இலாகாக்களின் மேல்தான். வசதி படைத்த, படித்த பெண்களே அங்கத்தினராகி, வீட்டு வேலை செய்பவளின் கவலையை எட்ட நின்று பேசுகிறார்கள் என்ற விமரிசனமும் பல ஊர்களில் எழுந்ததுண்டு. அந்த விமரிசனத்தில் நியாயமும் உண்டு. ஏழு நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தே கேட்கப்படும் கேள்விகளும் அமையும் ஆதலால், நியமனம் செய்யும் மேயரின் கண் நகரத்தின் எல்லா வீதிகளுக்கும் போக வேண்டும். 2024 நவம்பரில், ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள நூற்றுக்கு மேற்பட்ட கமிஷன்களில் எவை வேண்டும், எவை வேண்டாம் என்று ஆராய ஒரு குழுவை அமைக்க வாக்காளர் தீர்ப்பளித்தார்கள். 1945-இல் கில்டர்ஸ்லீவ் அம்மையார் எழுப்பிய கேள்வி செத்துப்போகவில்லை. சிக்கனம் என்ற புது உருவில் திரும்ப வந்திருக்கிறது.

அந்தக் கேள்விக்கு இந்தச் சரித்திரமே விடை. எல்லோருடைய கடமையாகவும் இருந்த காலத்தில், இருட்டுத் தெருவில் நடக்கும் பெண்ணைப் பற்றிய கணக்கு எவருடைய ஏட்டிலும் இல்லை. ஏழு பேருடைய தனிக் கடமையான பிறகே அது ஏட்டில் ஏறியது. எந்த ஊரிலாயினும் ஒரு மாதர் கமிஷன் வேண்டுமா என்று தீர்மானிக்க விரும்புகிறவர், அந்த ஊரின் போலீஸ் இலாகாவிடமும் பொதுப்பணி இலாகாவிடமும் சென்று, சென்ற ஆண்டு உங்களிடம் உதவி கேட்டு வந்த பெண்கள் எத்தனை பேர், உதவி பெற்றுத் திரும்பியவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டவுடன் ஏட்டைப் புரட்டி விடை சொல்லும் ஊருக்குத் தனிச் சபை தேவையில்லை என்று வாதிப்பதில் பொருள் உண்டு. விடை சொல்ல இயலாத ஊர், சிக்கனத்தைக் காரணம் காட்டிக் கேட்பவரை நீக்கிவிடுமானால், அது மிச்சப்படுத்துவது சில ஆயிரம் டாலர்கள். இழப்பது, தன் குடிமக்களில் பாதிப் பேர் எப்படி வாழ்கிறார்கள் என்ற அறிவை.